அந்தப் படத்தை நான் இறக்கவில்லை, மகனே

தம்பி,

இதை உன் கைபேசிக்கு அனுப்பாமல் நாலு பேர் வாசிக்கும்படி எழுதுகிறேன் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். கோபத்திலாவது நீ எனக்கு ஒரு சொல் எழுதினால் போதும் என்ற நிலைக்கு நான் வந்துவிட்டேன். நான் அனுப்பிய செய்திகளையெல்லாம் நீ வாசித்திருக்கிறாய். நீலக் கோடுகள் விழுந்திருக்கின்றன. அழைத்தால் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. உன்னோடு ஒரே அறையில் இருக்கும் பெடியனைப் பிடித்துக் கேட்டேன். நீ வேலைக்குப் போகிறாய், வருகிறாய், சுகமாக இருக்கிறாய் என்றான். அதற்கு மேல் சொல்ல அவனுக்கும் தயக்கம். கலைக்கூடத்தின் முகநூல் பக்கத்தை மட்டும் நீ விடாமல் பார்க்கிறாய் என்று உனக்குப் படம் கீறப் படிப்பித்த யமுனா ரீச்சர் சொன்னார். அதனால் இதை எழுதி அவர் கையிலேயே கொடுக்கிறேன், அந்தப் பக்கத்தில் போடச் சொல்லி. உன் பெயரை எங்கும் எழுதவில்லை. என் பெயரும் இல்லை. வாசிக்கிறவர்களுக்கு நான் ஒரு தாய், நீ ஒரு மகன், அவ்வளவுதான்.

நீ ருமேனியாவுக்குப் போய்ச் சில மாதங்களில் யமுனா ரீச்சர் வட்டக்கச்சிக்கு நம் வீடு தேடி வந்தார். கிளிநொச்சி டிப்போச் சந்திக்குக் கிட்ட, முன்பு வாகன ரயர் விற்கிற கடையாக இருந்த கட்டடத்தை எடுத்து வெள்ளையடித்து, படங்கள் மாட்டுகிற இடமாக ஆக்கியிருக்கிறாராம். அதில் முதலாவதாக ஒரு கூட்டுக் கண்காட்சி. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டு மூலைகளில் இருந்து படம் கீறுகிறவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார். "உங்கடை மகன் நான் படிப்பிச்ச பிள்ளையளிலை ஒராள். அவன்ரை படம் இல்லாமல் எப்பிடி?" என்றார். அன்றைக்கே உன்னைக் கேட்டேன். அப்போது நீ என் அழைப்பை எடுத்துக்கொண்டிருந்த காலம். "எதையாவது வையுங்கோ அம்மா. எனக்கு இப்ப அதிலை மனமில்லை" என்றாய். கோழி இறைச்சி பொதி செய்கிற தொழிற்சாலையின் குளிரில் விரல்கள் விறைத்துவிடுகின்றன என்றும் சொன்னாய். கையுறைக்குள் இன்னொரு கையுறை போடச் சொன்னேன். நாங்கள் கடைசியாகப் பேசிய ஒழுங்கான கதை அதுதான்.

அலுமாரிக்கு மேலே நீ சுருட்டிக் கட்டி வைத்திருந்தவற்றை இறக்கி நிலத்தில் விரித்தேன். வாய்க்கால், வயல், உழவு இயந்திரத்துக்குப் பின்னால் போகிற கொக்குகள் எல்லாம் எனக்குத் தெரிந்த படங்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நீ இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றில் சுற்றி ஒன்று இருந்தது. அதை நான் முன்பு கண்டதே இல்லை. பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. மஞ்சள் சட்டை. ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து கிடக்கிறது. இடது கையில் தண்ணீர்க் கலன். பின்னால் தறப்பாள் கூடாரங்கள், அதற்கும் பின்னால் வெளிறிய தண்ணீர். அவளுடைய வலது கை படத்தின் ஓரத்துக்கு நீண்டு, அந்த ஓரத்திலேயே வெட்டுப்பட்டு நின்றது. எங்களைப் பார்க்காமல் அந்தக் கைப் பக்கமாகத் திரும்பி எதையோ சொல்லப் போகிற முகம். அந்த முகத்தை விட்டு என் கண் எடுபடவில்லை. என் மகன் இப்படியும் கீறுவானா என்று நான் பெருமைப்பட்டேன் தம்பி. மற்றவற்றைச் சுருட்டி வைத்துவிட்டு அதையும் வயல் படங்கள் இரண்டையும் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீ ஏன் அதைச் சாரத்துக்குள் சுற்றி வைத்தாய் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம்.

திறப்பு விழா நீ இருந்து பார்த்திருக்க வேண்டியது. தெருவில் போனவர்கள் ரயர் வாங்க வந்து, படங்களைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பஸ் நடத்துநர் ஒருவர் இரணைமடுக் குளத்துப் பறவைகளைப் பயணச்சீட்டு அளவுத் தாள்களில் கீறி ஒரு சுவர் நிறைய ஒட்டியிருந்தார். ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்கிற தங்கச்சி ஒருத்தி வெள்ளைக்கு மேல் வெள்ளையாகப் பூசி உப்புக் குவியல் கீறியிருந்தாள். வந்த ஐயா ஒருவர் அதற்கு முன்னால் நின்று, "இது இன்னும் முடியேல்லைப் போலை" என்றார். அவள் சிரித்துக்கொண்டு, "எங்கடை வேலையும் அப்பிடித்தான் ஐயா, முடியிறதேயில்லை" என்றாள். உன் மஞ்சள் சட்டைப் பிள்ளை வாசலுக்கு நேரெதிரே இருந்தாள். உள்ளே வந்த எல்லோரும் முதலில் அவளிடம்தான் போனார்கள். நான் எனக்கிருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு ஓரமாகக் கதிரையில் இருந்தேன். யாராவது "ஆர் கீறினது?" என்று கேட்டால் எழும்பி நின்றேன்.

ரீச்சர் அந்தப் படத்தை முகநூலில் போட்ட அன்று பின்னேரம் உன் செய்தி வந்தது. "அந்தப் படத்தை இறக்குங்கோ அம்மா." அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. அதற்கு முதல் நாள் சிவில் உடையில் இரண்டு பேர் வந்து கீறினவர்களின் பெயர்களையும் ஊர்களையும் விசாரித்து, சுவர்களைப் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதை நீ கேள்விப்பட்டுப் பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். "பயப்பிடாதை, ரீச்சர் கதைச்சு அனுப்பிப்போட்டா, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எழுதினேன். வாசித்தாய். பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. எங்கள் ஊரில் யாரும் ஒன்றை இறக்கச் சொன்னால் அது பயத்தினால்தான் இருக்கும் என்று நான் பழகிவிட்டேன். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் உனக்கு வேண்டாமென்றால் வேண்டாம், அடுத்த கிழமை கழற்றிவிடுவோம் என்று ரீச்சரிடம் சொல்லியிருந்தேன்.

அந்த அடுத்த கிழமையில்தான் யசிந்தா அக்கா வந்தார். கொக்கிளாயில் இருந்து விடிய வெளிக்கிட்டு, பஸ் மாறி மாறி வந்திருந்தார். மெலிந்த மனுசி. இறால் தெரிந்து பிரிக்கிற வேலை செய்கிறவர், கைகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. அவருடைய பெறாமகள், தங்கச்சியின் பிள்ளை, யாரோ அனுப்பிய படத்தைக் கைபேசியில் காட்டியிருக்கிறாள். உள்ளே வந்தவர் நேரே படத்தடிக்குப் போனார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைத்த கையால் படத்தைத் தொடாமல், தொடுகிற அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய், மஞ்சள் சட்டையின் இடது பக்கத்தில் நீ கீறியிருந்த சின்னப் பையைக் காட்டினார்.

"இந்தப் பை நான் தைச்சது. என்ரை பிள்ளைக்கு இடது கைப் பழக்கம். அதாலை இடப் பக்கம் வைச்சனான். என்ரை சேலையை வெட்டித் தைச்சது. பாருங்கோ, கரையும் இருக்கு." திரும்பி எங்களைப் பார்த்தார். "ஆர் இதைக் கீறினது? என்ரை நிலானியை எங்கை கண்டது?"

இந்தத் தடவை நான் எழும்பி நிற்கவில்லை. யமுனா ரீச்சர்தான் அவரைப் பிடித்து இருத்தித் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் எல்லாரும் நெரிபட்ட, யுத்தத்தின் அந்தக் கடைசிக் காலத்தில், மகளைக் கூடாரத்தில் விட்டுவிட்டுக் கஞ்சி வாங்க வரிசையில் போய் நின்றிருக்கிறார். செல் குண்டு விழுந்தது. திரும்பி ஓடி வந்தால் கூடாரம் இருந்த இடம் இல்லை. பிள்ளையும் இல்லை, பிள்ளையின் உடம்பும் இல்லை. முகாம்களில் தேடினார், ஆசுப்பத்திரிகளில் தேடினார், பிள்ளைகள் பராமரிக்கிற இல்லங்களின் வாசல்களில் நின்றார். "தேடப் போற இடத்திலை படம் கேப்பினம். என்னட்டை ஒரு படமும் இல்லை. எல்லாம் அங்கையே போச்சுது. வாயாலை சொல்லுவன், இப்பிடிக் கண், இப்பிடி மூக்கெண்டு. சொல்லிச் சொல்லி எனக்கே முகம் மறந்து போச்சுது" என்றார். பிறகு படத்தைப் பார்த்தார். "இண்டைக்குத்தான் திரும்பக் காணுறன்."

தம்பி, நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். எனக்குக் காலில் காயம்பட்டபோது உனக்கு ஏழு வயது. அப்பா காய்ச்சலில் போய் நீயும் நானும் மட்டும் மிஞ்சியிருந்தோம். காயக்காரரை ஏற்றுகிற கப்பலில் என்னை ஏற்றியது எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது திருகோணமலையில் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன், பக்கத்தில் நீ இல்லை. பிறகு வவுனியா முகாமில் நம் ஊர்ச் சனத்தோடு நீ நிற்கிறாய் என்று தெரிந்து, என்னை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். நீ என்னைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இத்தனை நாளும் ஆரோடை நிண்டனி என்று கேட்டேன். "ஒரு அக்காவோடை நிண்டனான்" என்றாய். எந்த அக்கா என்றேன். வாயை மூடினாய். அதன் பிறகு நீ வாய் திறந்து கதைக்கவே வெகுகாலம் ஆயிற்று. சீமெந்துப் பையைக் கிழித்து உட்பக்கத்தில் கரியால் கீறத் தொடங்கினாய். பிள்ளை கீறட்டும், கேட்டால் இன்னும் ஊமையாகிவிடுவான் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த 'அக்கா' என்ற ஒரு சொல்தான் ரயர் கடைச் சுவருக்கு முன்னால் இருந்தபோது என் நெஞ்சில் வந்து விழுந்தது. எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போனேன். எத்தனை தடவை பார்த்தேன், காணவில்லையே! அந்தப் பிள்ளையின் வலது கை வெட்டுப்படுகிற ஓரத்தில், அவளுடைய பொத்திய கைக்குள்ளிருந்து குட்டி விரல்கள் எட்டிப் பார்த்தன. அவள் யாரையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பிடிபட்டவன் படத்துக்குள் இல்லை. யசிந்தா அக்காவும் என்னோடு சேர்ந்து பார்த்தார். "ஆற்றை விரல் இது?" என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "என்ரை மகன்ரை" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இருக்கிறானோ?"

"இருக்கிறான். வெளிநாட்டிலை."

"ஆண்டவரே, அப்ப ஒராள் இருக்கிறான்," என்றார். "என்ரை பிள்ளையைக் கடைசியாக் கண்ட ஒராள் இருக்கிறான்."

அன்றிலிருந்து நான் உனக்கு அனுப்பிய செய்திகள் எல்லாம் உனக்குத் தெரியும். கெஞ்சினேன், ஏசினேன், அம்மா செத்துப்போவேன் என்றுகூட எழுதினேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஒரு கிழமைக்கு மேலாக யசிந்தா அக்கா நம் வீட்டில்தான் இருந்தார். உன் கட்டிலில் படுத்தார். காலையில் என்னோடு கலைக்கூடத்துக்கு வந்து படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். பூட்டும்போது எழும்பி வருவார். படம் பார்க்க வருகிறவர்கள் அவரைக் கண்டு சத்தத்தைக் குறைத்தார்கள். பஸ் நடத்துநர் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போவார். என் கைபேசி சிணுங்கும் ஒவ்வொரு தடவையும் அக்காவின் முகம் திரும்பும். நான் தலையை ஆட்டுவேன். அந்த முகம் பழையபடி படத்துக்குத் திரும்பும். எனக்கு என்ன வெட்கம் தெரியுமா? அவருடைய பிள்ளை கை கொடுத்து என் பிள்ளை தப்பியிருக்கிறான். என் பிள்ளை வேலைக்குப் போகிறான், வருகிறான், சுகமாக இருக்கிறான். அவருக்கு ஒரு பதில் வாங்கிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

நீ ஏன் பேச மறுக்கிறாய் என்று நான் யோசிக்காமல் இல்லை. குசினியில் சோறு வடிக்கும்போதும் அதையேதான் யோசிக்கிறேன். ஒருநாள் வாய்விட்டு அக்காவிடமே சொல்லிவிட்டேன். "அக்கா, என்ரை பிள்ளை கையை விட்டிட்டு ஓடியிருப்பானோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. அதுதான் வாய் திறக்கிறானில்லையோ தெரியேல்லை." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்தேன்.

"விட்டிருந்தால்தான் என்ன?" என்றார். "ஏழு வயசுப் பிள்ளை தங்கச்சி. நான் வளந்த மனுசி, நானே கஞ்சிக்கெண்டு விட்டிட்டுப் போனனான். அவனை நான் என்னத்தைக் கேக்கப் போறன்? அவள் செத்திட்டாள் எண்டாலும் சொல்லட்டும். எந்த இடம் எண்டு சொன்னால் அந்த மண்ணிலை ஒரு மெழுகுதிரி கொளுத்துவன். உயிரோடை ஆரும் கூட்டிக்கொண்டு போனவை எண்டால் அதைச் சொல்லட்டும். ஒண்டும் ஞாபகமில்லை எண்டாலும் பரவாயில்லை, அந்தச் சொல்லை அவன் வாயாலை சொல்லட்டும். அதைக் கேட்டிட்டு நான் ஊருக்குப் போயிடுவன்."

நான் உனக்குப் புத்தி சொல்லக்கூடிய ஆள் இல்லை. உன்னைப் போல நானும் வாயை மூடியே வாழப் பழகினவள். ஆனால் இவ்வளவு வயதுக்கு எனக்கு ஒன்று தெரிகிறது. நீ குளிருக்கும் தூரத்துக்கும் போனது உழைப்புக்காக மட்டுமில்லை. அங்கே யாரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று போனாய். ஆனால் நீ அந்தப் பிள்ளையைச் சாரத்துக்குள் சுற்றி வைத்தாயே தவிர, கிழித்து எறியவில்லை. அவளுடைய சட்டைப் பையைக்கூட மறக்காமல் இடப் பக்கத்தில் கீறினாய். அப்படிக் கீறினவன் கல்நெஞ்சுக்காரன் இல்லை. நீ அதை இறக்கச் சொன்னாய். உன் சொல்லைக் கேட்கக்கூடாதென்று நான் அதைச் சுவரில் விட்டுவைக்கவில்லை. கழற்றுவதற்காக ஏணியில் ஏறிய ரீச்சரைக் கண்டதும் யசிந்தா அக்கா எழும்பி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார், ரீச்சர் விழுந்துவிடாமல். அதற்குப் பிறகு என்னாலும் ரீச்சராலும் ஆணியில் இருந்து அதை எடுக்க முடியவில்லை.

கண்காட்சி முடிந்துவிட்டது. பறவைகள், உப்புக் குவியல், உன் வயல்கள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. படத்தை நீங்களே கொண்டுபோங்கோ என்று நான் அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "வீட்டிலை கொண்டுபோய் வைச்சால் நான் மட்டும்தான் பாப்பன். இஞ்சை கிடக்கட்டும். இன்னும் ஆரும் கண்டவை வருவினம்" என்றார். இப்போது வெறுஞ்சுவர்களுக்கு நடுவில் அவள் ஒருத்தி மட்டும் நிற்கிறாள்.

அக்கா ஊருக்கு வெளிக்கிட முதல் நான் கைபேசியை நீட்டி, உங்கள் குரலிலேயே கேளுங்கள், அவன் கேட்பான் என்றேன். எப்படி அழுத்துவது என்று காட்டிக் கொடுத்தேன். வழியில் நடக்கும்போதும் கட்டிலில் படுத்திருக்கும்போதும் அவர் உன்னிடம் கேட்கவென்று அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எனக்குத் தெரியும். கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். கடைசியில் அவர் சொன்னது, "தம்பி... சாப்பிட்டியோ அப்பன்?" என்பது மட்டும்தான். பிறகு கைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார். அதை நீ கேட்டாய். கேட்டதற்கு அடையாளம் விழுந்தது. நீ எழுதுகிறாய் என்று கைபேசி காட்டியது. நாங்கள் இருவரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். முதலில் வந்த பஸ்ஸை விட்டோம். பிறகு அந்த அடையாளமும் மறைந்துபோயிற்று. அடுத்த பஸ்ஸில் அவர் ஏறினார்.

தம்பி, இது வரைக்கும் எனக்குப் பதில் சொல் என்று உன்னைக் கரைச்சல்படுத்தினேன். இனி இல்லை. அது நான் கேட்க வேண்டிய கதை இல்லை என்று அந்தப் பஸ் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. நீ என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை காலம் தவித்தாய் போலும். அக்காவின் இலக்கத்தை ரீச்சரிடம் கொடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவருடன் மட்டும் கதை. நீ கதைத்தாயா, என்ன சொன்னாய் என்று நான் அவரிடமும் கேட்க மாட்டேன், உன்னிடமும் கேட்க மாட்டேன். நீ எப்போதாவது இந்த வீட்டுக்கு வந்தால் சோறு போடுவேன். நீ படுத்த பிறகு விளக்கை அணைப்பேன். அங்கே என்ன நடந்தது என்று உன் அம்மா சாகும்வரைக்கும் உன்னிடம் கேட்க மாட்டாள். இதை ஊரறிய எழுதித் தருகிறேன்.

அக்கா பின்னேரம் இறால் வாடியில் இருந்து வந்துவிடுவார். அதற்குப் பிறகு அவருக்கு அழைப்பு எடு.

அம்மா